பீடிங்கைக் கழற்றுவதா, டேப் ஒட்டி மறைப்பதா?

பின்சக்கரத்தின் இருபுறமும் பெட்டி வைத்த பெரிய மோட்டார் சைக்கிளில் அடி வாங்குவதில் பெட்டிக்குத்தான் முதல் மரியாதை. பின்சீட்டில் ஏறுகிறவரின் ஷூ குதிகால் மூடியை உரசும். டயர் வாரியடிக்கும் கல் கீழ்விளிம்பில் தெறிக்கும். வண்டி நின்ற இடத்திலேயே சாய்ந்தால் பெட்டியின் முனை தரையில் தேயும். டேங்க் பத்து வருடம் பளபளவென்று இருக்கும் வண்டியில்கூடப் பெட்டிகள் இரண்டும் பெயிண்ட் கடைக்குப் போய் வந்திருக்கும். ஹார்லி-டேவிட்சனின் எலக்ட்ரா கிளைடு, ஹோண்டாவின் கோல்ட் விங் என்று அமெரிக்க நெடுஞ்சாலைகளில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடும் வண்டிகளுக்கெல்லாம் இதே கதைதான்.

மறுபெயிண்ட் என்றதும் நிறம், அதற்கு அடியில் போகும் பிரைமர், மேலே போகும் நிறமற்ற கிளியர் கோட் என்று ஆளாளுக்கு யோசனை சொல்வார்கள். ஆனால் ஒன்றிரண்டு வருடத்தில் பெயிண்ட் உரியத் தொடங்கிய பெட்டிகளைக் கவனித்துப் பாருங்கள். உரிதல் பரந்த பரப்பின் நடுவில் தொடங்கியிருக்காது. மூடியின் மேலோ பக்கவாட்டிலோ ஓடும் விரல் அகலப் பட்டையான பீடிங்கின் ஓரத்தில்தான் பெரும்பாலும் தொடங்கியிருக்கும். அந்த பீடிங் குரோம் பூசிய பிளாஸ்டிக்காக இருக்கலாம், கறுப்பு ரப்பராக இருக்கலாம், ஒளி திருப்பும் சிவப்புப் பட்டையாகவும் இருக்கலாம். அதைக் கழற்றிவிட்டு அடிப்பதா, இருந்த இடத்திலேயே மாஸ்கிங் டேப் ஒட்டி மறைத்துவிட்டு அடிப்பதா என்பதில் பெயிண்டர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். நான் கழற்றும் கட்சி. மறைக்கும் கட்சியின் வாதம் வலுவாக நிற்கும் இடங்களும் உண்டு, பிறகு அவற்றுக்கு வருகிறேன்.

மாஸ்கிங் டேப் எதற்காகப் பிறந்தது என்பது இந்த வழக்கில் ஒரு நல்ல சாட்சி. 1920களில் அமெரிக்காவில் இரட்டை நிறக் கார்கள் மோஸ்தராக இருந்தன. ஒரு நிறத்தை அடித்துவிட்டு அடுத்ததை அடிக்கும்போது முதல் நிறத்தை மறைக்கச் செய்தித்தாளைப் பசையால் ஒட்டுவார்கள். பிய்க்கும்போது புதுப் பெயிண்டும் சேர்ந்து வந்துவிடும். அப்போது உப்புத்தாள் தயாரித்துக்கொண்டிருந்த 3எம் நிறுவனத்தின் ரிச்சர்ட் டுரூ, உப்புத்தாளைச் சோதித்துப் பார்க்கப் பட்டறைகளுக்குப் போன இடத்தில் இந்தத் தொல்லையைக் கண்டார். 1925இல் அவர் உருவாக்கிய டேப் அதைத் தீர்த்தது. டேப் தீர்த்தது எந்தப் பிரச்சினையை என்று பார்க்க வேண்டும். ஒரே சமதளப் பரப்பில் இரண்டு நிறங்களுக்கு இடையே கோடு பிரிப்பதுதான் அதன் வேலை. மேலே துருத்திக்கொண்டு நிற்கும் ஒரு தனிப் பொருளை மறைப்பது பிற்பாடு சேர்ந்துகொண்ட வசதி. சமதளத்தில் டேப் செய்யும் வேலையைத் துருத்தலின் அடியில் அதே சுத்தத்தோடு செய்ய அதனால் முடியாது.

பீடிங் பெட்டிக்கு வந்த வழியையும் கொஞ்சம் பார்க்கலாம். 1975 மாடலாக வந்த முதல் கோல்ட் விங்கில் முன்கவசமும் இல்லை, பெட்டியும் இல்லை. தூரம் போகிறவர்கள் வடிவமைப்பாளர் கிரெய்க் வெட்டரின் விண்ட்ஜாமர் முன்கவசத்தையும் வேறு வேறு கம்பெனிகளின் பெட்டிகளையும் வாங்கி மாட்டிக்கொண்டார்கள். 1980இல் ஜிஎல் 1100 இன்டர்ஸ்டேட் வந்தபோது கவசம், பெட்டி எல்லாம் ஹோண்டா ஃபாக்டரியிலிருந்தே பொருந்தி வந்தன. 1988இன் ஜிஎல் 1500இல் டிக்கி, பக்கப்பெட்டி, சீட்டின் அடிப்பாகம் மூன்றும் ஒரே உடம்பாகிவிட்டன. அவ்வளவு பெரிய பிளாஸ்டிக் பரப்பு ஒரே நிறத்தில் இருந்தால் கண்ணுக்குப் பாரமாகத் தெரியும். அதை உடைத்துக் காட்ட ஒரு கோடு தேவைப்பட்டது. இரண்டு பாகம் சேரும் இடைவெளியை மறைக்கவும் முதல் உரசலைத் தான் வாங்கிக்கொள்ளவும் அதே கோடு உதவியது. ஆக, பீடிங் வெறும் அழகுக்காக ஒட்டிய நகை அல்ல. பல வண்டிகளில் அதன் அடியில் ஒரு மூட்டோ திருகுத் துளையோ இருக்கும்.

அதனால் கழற்றலாமா என்ற கேள்விக்கு முன்னால் அது எப்படி மாட்டப்பட்டிருக்கிறது என்று பார்த்தாக வேண்டும். இதற்குப் பெட்டியை வண்டியிலிருந்து இறக்குவதுதான் நல்லது. ஹார்லியின் கெட்டிப் பெட்டிகளில் உள்ளே கைவிட்டு இரண்டு திருகுகளைக் கால் சுற்று திருப்பினால் பெட்டி கையோடு வந்துவிடும். ஜிஎல் 1500இல் அந்தச் சுகம் கிடையாது, பின்பக்கத்தையே பிரிக்க வேண்டியிருக்கும். அந்த வண்டிக்காரர்கள் டேப் கட்சியில் சேர்வதற்குப் பாதிக் காரணம் இதுதான். இறக்கிய பெட்டியின் உள்விரிப்பைத் தூக்கிப் பார்த்தால் விஷயம் தெரியும். சிறு நட்டுகளோ அமுக்கி ஏற்றிய தகட்டு வளையங்களோ தென்பட்டால் பீடிங்கின் முதுகிலிருந்து முளைகள் பெட்டியின் ஓடான வெளிச்சுவரைத் துளைத்து வந்திருக்கின்றன என்று அர்த்தம். முளைகள் பிளாஸ்டிக்காக இருந்தால் ஜாக்கிரதை, பழைய பிளாஸ்டிக் முளை நட்டோடு சேர்ந்தே முறியும். உள்பக்கம் எதுவுமே இல்லையென்றால் பீடிங் இரட்டைப் பசை கொண்ட நுரை டேப்பில் நிற்கிறது. விளிம்பில் கவ்விக்கொண்டிருக்கும் ரப்பர் பீடிங்கை நகத்தால் தூக்கினாலே தெரிந்துவிடும். இதில் எதுவும் இல்லாமல், பட்டை என்று நாம் நினைப்பது ஓட்டோடு ஓடாக வார்க்கப்பட்ட மேடாகவோ கிளியர் கோட்டுக்கு அடியில் புதைந்த ஸ்டிக்கராகவோ இருந்தால் கழற்றும் பேச்சே எழாது.

நுரை டேப்பில் நிற்கும் பீடிங்கைக் கழற்ற ஹேர் டிரையரும் தூண்டில் நரம்பும் போதும். இரண்டையும் நிதானமாகக் கையாளத் தெரிய வேண்டும். இந்தப் பெட்டிகள் பலவும் ஏபிஎஸ் பிளாஸ்டிக். பெட்டியின் உட்புறத்தில் அந்த மூன்றெழுத்து அச்சாகியிருக்கும். ஃபைபர் கிளாஸ் என்றால் பின்பக்கம் நார்நாராகத் தெரியும். ஏபிஎஸ் சுமார் 105 டிகிரி செல்சியஸில் இளகிவிடும், அழுத்தம் இருந்தால் அதற்கு முன்பே வளையத் தொடங்கும். பட்டறையின் ஹீட் கன் வாயிலிருந்து வரும் காற்று இதைப்போல நாலைந்து மடங்கு சூடு. ஒரே இடத்தில் சில நொடி காட்டினாலும் மூடி அலையலையாகிவிடும். அப்புறம் அதற்கு எந்தப் பெயிண்டும் மருந்தாகாது. ஹேர் டிரையரால் ஒரு சாண் நீளத்தைக் கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவந்தாலே பசை தளர்ந்துவிடும். பீடிங்கின் ஒரு முனையில் நரம்பை நுழைத்து, இரு கைகளிலும் சுற்றிப் பிடித்து, ரம்பம் போல முன்னும் பின்னுமாக இழுக்க வேண்டும். பீடிங்கை நெம்பக் கூடாது. நரம்பு நுரையின் நடுவே அறுத்துக்கொண்டு போகும், பாதி நுரை பீடிங்கிலும் பாதி பெட்டியிலும் தங்கும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்புகிறவர்களின் கையில் குரோம் பீடிங் விரிசலோடுதான் வந்து சேரும். அது உலோகம் அல்ல, பிளாஸ்டிக்கின் மேல் செம்பு, நிக்கல், குரோமியம் என்று மெல்லிய தோல்களாகப் படிந்தது. வளைத்தால் தோல் வளையாது, வெடிக்கும்.

எஞ்சிய நுரையை ரப்பர் வீல் மாட்டிய டிரில்லால் தேய்த்து எடுக்கலாம். வீலை ஓரிடத்தில் நிறுத்தினால் அந்தச் சூடே பிளாஸ்டிக்கை உருக்கிவிடும். அவசரக்காரர்கள் தின்னர் துணியை எடுப்பார்கள். பழைய பெயிண்ட் முழுசாக இருக்கும் இடத்தில் தப்பித்துக்கொள்ளலாம், ஆனால் துளையின் ஓரத்திலோ கீறலிலோ பெயிண்ட் இல்லாத ஏபிஎஸ் தெரிந்தால் தின்னரில் இருக்கும் அசிட்டோன் அதைக் கரைத்துவிடும். கரையாவிட்டாலும் நுண்ணிய விரிசல்களை விதைத்துவிட்டுப் போகும், அவை புதுப் பெயிண்ட் வழியாக மாதங்கள் கழித்துத் தலைகாட்டும். எந்தப் பசைநீக்கியானாலும் பெட்டியின் உள்பக்கம் மறைவான இடத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்த பிறகே வெளியே தொட வேண்டும்.

பீடிங் எழுந்து வந்ததும் அடியில் தெரிவது பார்க்கத் தகுந்த காட்சி. இரு ஓரங்களிலும் மெழுகும் சாலைத் தூசும் சேர்ந்து இறுகிய கறுப்புக் கோடு. நடுவில் வெயிலே படாத, ஃபாக்டரியிலிருந்து வந்த அன்றைய நிறம். சிவப்பு வண்டியாக இருந்தால் அந்த நிறத்துக்கும் சுற்றியுள்ள வெளுத்த நிறத்துக்கும் உள்ள வித்தியாசம் பளிச்சென்று தெரியும். இந்தப் பட்டையைக் காட்டி நிறம் கலக்கச் சொல்கிறவர்கள் உண்டு. முழு வண்டிக்கும் அடிப்பதானால் அது சரி. பெட்டிக்கு மட்டும் அடிப்பதானால் அந்த அசல் நிறம் ஏமாற்றிவிடும். டேங்க்கும் கவசமும் வெயிலில் வெளுத்த நிறத்தில் இருக்க, பெட்டி மட்டும் புதுமாப்பிள்ளை போல நிற்கும். பொருத்த வேண்டியது பக்கத்தில் இருக்கும் பாகத்தின் இன்றைய நிறத்தோடு.

சரி, கழற்றாமல் டேப் ஒட்டினால் என்ன கெட்டுப்போகும்? கெடும் இடம் ஒரு மில்லிமீட்டர் அகலம்தான். பழைய பெயிண்ட் மேல் புதியது பிடிக்க வேண்டுமானால் 800 அல்லது 1000ஆம் எண் வாட்டர் பேப்பரால் மேற்பரப்பின் பளபளப்பைத் தேய்த்து எடுக்க வேண்டும். பேப்பர் பிடித்த விரல் பீடிங்கின் ஓரம்வரை போகும், அதன் கீழ் இடுக்குக்குள் போகாது. அந்த இடுக்கில்தான் வருடக்கணக்கான மெழுகும் சிலிக்கானும் பதுங்கியிருக்கின்றன. தேய்க்காத, எண்ணெய்ப் பசை போகாத அந்தக் கோட்டின் மேல்தான் புதுப் பெயிண்டின் விளிம்பு வந்து உட்காருகிறது. விளிம்பு பிடிக்காத பெயிண்டில் தண்ணீர் நுழையும். அழுத்தமாகத் தண்ணீர் பீய்ச்சி இரண்டு தடவை கழுவினால் தோல் எழும்பும்.

பெயிண்டின் தடிமன் தரும் தொல்லை வேறு. பேஸ் கோட், கிளியர் கோட் எல்லாம் சேர்ந்தால் 100 மைக்ரான் சுமாருக்கு வரும். டேப் ஓரத்தில் பெயிண்ட் தேங்குவதால் அங்கே இன்னும் கனமாகப் படியும். டேப்பைச் சரியாக பீடிங்கின் ஓரத்தோடு ஒட்டாவிட்டால் பெயிண்ட் பெட்டிக்கும் பீடிங்குக்கும் இடையே பாலம் போட்டுவிடும். மூடியைத் திறந்து மூடும்போது ஓடு ஒருவிதமாக நெளியும், பீடிங் வேறுவிதமாக நெளியும். பாலம் விரியும், விரிசல் பெயிண்ட் பக்கமாக ஓடும். டேப்பை ஒரு இழை உள்ளே தள்ளி ஒட்டினால் குரோம் மேல் பெயிண்ட் ஏறும். குரோமில் பெயிண்ட் நிற்காது, செதிலாக உதிரும். ஒரு இழை வெளியே தள்ளி ஒட்டினால் பழைய நிறம் கோடாகத் தெரியும். இந்தக் கணக்கையெல்லாம் சரியாகப் போட்டு முடித்தாலும், பீடிங் உடைந்து மாற்ற வேண்டிய நாள் வரும்போது அதன் கீழே பழைய பெயிண்ட் ஒரு வாய்க்காலாகக் கிடக்கும். இரு பக்கமும் புதுப் பெயிண்ட் கரை கட்டியிருக்கும். வேறு அகலத்தில் புது பீடிங் வாங்கி ஒட்ட முடியாது.

மறைக்கும் கட்சிக்காரர்கள் பேசாத விஷயம் ஒன்று உண்டு. டேப்பை எப்போது உரிக்கிறோம் என்பது வேலையில் பாதி. கடைசிக் கிளியர் கோட் ஓடுவது நின்று, ஆனால் இறுகாமல் இருக்கும்போது, சுமார் அரை மணிக்குள், டேப்பை அதன் மேலேயே மடித்துச் சாய்வாக மெல்ல உரிக்க வேண்டும். மறுநாள் காலை உரித்தால் கிளியர் கோட் கண்ணாடிச் சில்லுபோல விளிம்பில் பெயரும், அப்புறம் பிளேடால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். ஹார்ட்னர் கலந்த இந்தக் கிளியர் கோட்டில் ஐசோசயனேட் இருக்கிறது. வேலையிடத்தில் வரும் ஆஸ்துமாவுக்கு அது முக்கியமான காரணிகளில் ஒன்று, ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு துளி பட்டாலும் மூச்சு திணறும். ஸ்ப்ரே கன்னைக் கீழே வைத்ததும் வெளியே ஓடிவிட வேண்டிய நேரத்தில் டேப் ஒட்டியவர் காற்றுக்குழாய் முகமூடியோடு மூடுபனிக்குள் நின்றுகொண்டிருக்க வேண்டும். வீட்டுக் கொட்டகையில் அந்த முகமூடி பெரும்பாலும் இருக்காது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2008இல் கொண்டுவந்த விதி, குரோமியம், காரீயம் போன்ற உலோகங்கள் கலந்த பெயிண்டை ஸ்ப்ரே செய்யும் பட்டறைகளுக்கு வடிகட்டி வைத்த அறையையும் பயிற்சியையும் கட்டாயமாக்கியது. சொந்த வண்டிக்குத் தானே அடித்துக்கொள்கிறவரை அந்த விதி தொடாது. நுரையீரலுக்கு அந்த விலக்கெல்லாம் தெரியாது.

இவ்வளவு சொன்ன பிறகும் டேப்தான் சரி என்று நான் ஒப்புக்கொள்ளும் இடங்கள் உண்டு. பீடிங் ஓட்டோடு வார்க்கப்பட்டிருந்தால் வேறு வழியில்லை. உற்பத்தி நின்றுபோன பழைய மாடலில், மாற்று பீடிங் எங்கும் கிடைக்காதபோது, பிளாஸ்டிக் முளைகள் வெளுத்து நொறுங்கும் நிலையில் இருந்தால் கழற்றுவது சூதாட்டம்; அங்கே கையைக் கட்டிக்கொள்வதே விவேகம். பீடிங்குக்குத் தொலைவில், மூடியின் ஒரு மூலையில் மட்டும் கீறல் என்றால், பெயிண்டை பீடிங்வரை கொண்டுபோகாமல் நடுவிலேயே மங்கவிட்டுக் கிளியர் கோட்டை மட்டும் ஓரம்வரை இழுக்கலாம். கூலியும் ஒரு காரணம்தான், அதை இழிவாகப் பேச மாட்டேன். கழற்றி மாட்டும் வேலை அமெரிக்கப் பட்டறை மதிப்பீட்டில் தனி வரியாக ஏறும். இன்ஷூரன்ஸ்காரர் அந்த வரியைப் பார்த்ததும் புருவத்தைத் தூக்குவார்.

டேப் ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால் சாதாரணப் பழுப்பு டேப் மட்டும் போதாது. அது காகிதம், வளைவில் சுருங்கும், ஓரம் பல்பல்லாக வரும். பீடிங்கின் ஓரத்தைத் தொட்டு ஓடும் முதல் வரிசை மெல்லிய பிளாஸ்டிக் ஃபைன்லைன் டேப்பாக இருக்க வேண்டும், அதன் மேல்தான் பழுப்பு டேப்பும் காகிதமும். ரப்பர் பீடிங் என்றால் பழைய கார் கண்ணாடி வேலைக்காரர்களின் தந்திரம் கைகொடுக்கும். ரப்பரின் உதட்டுக்கு அடியில் மெல்லிய கயிறைச் செருகிக்கொண்டே போனால் உதடு தூக்கி நிற்கும், பெயிண்ட் அதன் அடிவரை போய்விடும். காய்ந்ததும் கயிறை உருவினால் ரப்பர் படுத்து விளிம்பை மூடிக்கொள்ளும். இதற்கென்றே கெட்டி ஓரம் வைத்த டேப்பும் விற்கிறார்கள். கழற்றலுக்கு மிக அருகில் வரும் மறைத்தல் என்றால் இதுதான். குரோம் பீடிங்குக்கு இது பயன்படாது. அங்கே செய்யக்கூடியது, டேப் ஒட்டும் முன் பல்குத்தும் குச்சியின் முனையில் வாட்டர் பேப்பரைச் சுற்றி அந்த ஒரு மில்லிமீட்டரைப் பொறுமையாகச் சுரண்டி, மெழுகுநீக்கியால் துடைப்பது. இதைச் செய்து முடிக்கிற நேரத்தில் பீடிங்கையே கழற்றியிருக்கலாமே என்று தோன்றும். தோன்றினால் நல்லது.

ஒளி திருப்பும் பட்டைகளின் விஷயம் வேறு. அமெரிக்கக் கூட்டாட்சி வாகனப் பாதுகாப்பு விதி 108இன்படி மோட்டார் சைக்கிளின் பக்கங்களில் பின்னால் சிவப்பும் முன்னால் மஞ்சளும் ஒளி திருப்பிகள் இருந்தாக வேண்டும். பெட்டிமேல் இருப்பது அந்தக் கணக்கில் வருவதாக இருந்தால் அழகுக்காக அதை நீக்கவோ மேலே பெயிண்ட் அடிக்கவோ கூடாது. அதன் லென்ஸ் அக்ரிலிக்காக இருந்தால் தின்னர் மட்டுமல்ல, ஆல்கஹால் பட்டாலும் சிலந்திவலை விரிசல் விடும்.

பீடிங்கைக் கழற்றியவர்களில் சிலருக்கு மழமழவென்ற பெட்டி பிடித்துப்போய்விடும். துளைகளை அடைத்துப் பட்டி பார்த்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். ஏபிஎஸ்ஸில் சாதாரணப் பட்டி மட்டும் நிற்காது. பின்பக்கத்திலிருந்து பிளாஸ்டிக்குக்கான எபாக்ஸியால் துளையை அடைத்துப் பலப்படுத்திவிட்டு, மேலே மட்டும் நெகிழும் பட்டியைத் தேய்க்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் கோடையில் வட்டவட்டமாகத் துளைகளின் முகம் தெரியும். நுரை டேப் இருந்த இடத்திலும் வெயில் படாத பழைய பெயிண்டின் விளிம்பு ஒரு படியாக நிற்கும். அதைச் சமமாகத் தேய்த்து பிரைமர் போடாமல் நிறம் அடித்தால், பக்கவாட்டு வெளிச்சத்தில் கழற்றிய பீடிங் அங்கேயே இருப்பதுபோலத் தெரியும். கோடு வேண்டும், பீடிங் வேண்டாம் என்பவர்கள் பேஸ் கோட்டின் மேல் தூரிகையால் கோடு இழுத்து அதன் மேல் கிளியர் கோட் அடிக்கலாம். ராயல் என்ஃபீல்டு டேங்குகளில் சென்னையில் கையாலேயே இழுக்கும் கோடுகளைப் பார்த்தவர்களுக்கு இதன் அழகை விளக்க வேண்டியதில்லை.

திரும்ப ஒட்டும்போதுதான் பொறுமை சோதிக்கப்படும். புதுப் பெயிண்டிலிருந்து கரைப்பான் ஆவி நாள்கணக்கில் வெளியேறிக்கொண்டிருக்கும், அதன் மேல் பீடிங்கை ஒட்டினால் ஆவி நுரை டேப்பின் கீழ் சிக்கிக் கொப்புளம் கட்டும். காற்றில் காய்ந்த பெட்டிக்கு ஒரு வாரமாவது கொடுப்பது நல்லது. பழைய நுரை முழுவதையும் பீடிங்கின் முதுகிலிருந்து எடுத்துவிட்டுப் புது அக்ரிலிக் நுரை டேப் போட வேண்டும். பெட்டியில் ஒட்டும் இடத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் பாதிப்பாதி கலந்து துடைக்க வேண்டும். ஓட்டிலும் மூடியிலும் பீடிங் தொடர்ந்து ஓடுவதானால், பெட்டியை வண்டியில் மாட்டி, மூடியைப் பூட்டி, பழுப்பு டேப்பால் வழிகாட்டிக் கோடு ஒட்டிக்கொண்டுதான் பீடிங்கை வைக்க வேண்டும். மேசைமேல் நேராகத் தெரிந்த கோடு வண்டியில் ஏறியதும் கவசத்தின் கோட்டோடு சேராமல் போவது சகஜம். நுரை டேப் தொட்ட மாத்திரத்தில் பிடித்ததுபோல் இருக்கும், ஆனால் சாதாரண வெப்பத்தில் முழுப்பிடி வர 72 மணி நேரம் ஆகும். அதுவரை வண்டியைக் கழுவக் கூடாது, பெட்டியை வெயிலில் சுட வைக்கவும் கூடாது. குளிர்காலக் கொட்டகையில், 10 டிகிரிக்குக் கீழே, ஒட்டவே வேண்டாம்.